நிர்மூடருக்கும் ஒரு வசனம்

சபையில் சாட்சி நேரம், அதாவது கர்த்தர் தங்களைக் கஷ்டத்திலிருந்து காப்பாற்றியதை எழுந்து சொல்லும் நேரம், வந்தால் பைபிளைப் புரட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன். சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. மற்றவர்கள் சொல்வதெல்லாம் தானாக வந்த கஷ்டம். வியாதி, விபத்து, வேலை போனது. என்னுடையது நானே தேடிப்போய் இழுத்துக்கொண்டது. வீட்டுக்குத் தெரியாமல் கிரெடிட் கார்டைத் தேய்த்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, கடைசியில் போன் அடித்தாலே வயிறு கலங்கியது. அதிலிருந்து தப்பி வந்ததற்கு எந்த முகத்தோடு மைக்கைப் பிடிப்பது?

107ஆம் சங்கீதத்தை அந்த நாட்களில்தான் நிதானமாக வாசித்தேன். நன்றி சொல்ல நாலு கூட்டத்தாரைக் கூப்பிடுகிற சங்கீதம். வனாந்தரத்தில் அலைந்தவர்கள், இருளில் கட்டுண்டு கிடந்தவர்கள், நோயாளிகள், கடல் கொந்தளிப்பில் சிக்கினவர்கள். கப்பலேறினவர்கள் பாவம், தொழிலுக்குப் போனவர்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கட்டுண்டவர்களோ கலகம்பண்ணினவர்கள். நோயாளிகளை 17ஆம் வசனம் 'நிர்மூடர்' என்றே சொல்லிவிடுகிறது. தங்கள் அக்கிரமத்தாலேயே நோய்கொண்டார்களாம். பூசி மெழுகவே இல்லை.

அடுத்த வசனத்தில், அவர்கள் ஆத்துமா சகல போஜனத்தையும் 'அரோசிக்கிறது' என்று வருகிறது. இப்போது யாரும் பேசாத வார்த்தை. ஆனால் எனக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, வாயில் வைக்காமலே எழுந்துபோன ராத்திரிகள் அத்தனை.

இந்த நாலு கூட்டமும் ஆபத்தில் கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறது. நாலு பேருக்கும் பதில் வருகிறது. 'நீயாகத் தேடிக்கொண்டதுதானே' என்ற கேள்வி எங்கேயும் இல்லை. கிருபை என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் 'ஹெசெத்'. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியம் அதைப் 'பேரன்பு' என்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். தப்பிய நிர்மூடர் ஓரமாக உட்கார்ந்து வெட்கப்படட்டும் என்று விடவில்லை. ஸ்தோத்திரபலி செலுத்தி, கர்த்தர் செய்ததை ஆனந்த சத்தத்தோடே விவரிக்கச் சொல்கிறது 22ஆம் வசனம். நம் சபைகளில் அந்தச் சத்தம் கேட்பது அபூர்வம். நம் சாட்சிகள் சலவை செய்து இஸ்திரி போட்டவை. 'தப்பு என்னுடையது' என்ற வரியை வெட்டிவிட்டுத்தான் மைக்குக்கே வருகிறோம். அந்த வரி போனபின் இரக்கத்துக்கு அங்கே என்ன வேலை?

நானும் இன்னும் எழுந்து நிற்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கடைசித் தவணை கட்டிய அன்று 17ஆம் வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் என் பெயரை எழுதினேன். சின்னதாகத்தான்.