220 ஸ்விஃப்ட் குழலைத் தின்றுவிடுமா?

“220 ஸ்விஃப்ட் என்ற ரைஃபிள் தோட்டாவைச் சில நூறு முறை சுட்டாலே துப்பாக்கிக் குழல் வீணாகிவிடும்” என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பழைய கதை.

அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த ரகம் இது. 48 கிரெய்ன், அதாவது சுமார் 3.1 கிராம் குண்டு நொடிக்கு 4,110 அடி வேகத்தில் பாயும். பிரெய்ரி நாய் (பெயர்தான் நாய், இனம் அணில்) போன்ற சிற்றுயிர்களைத் தொலைவிலிருந்து சுட வசதி: குண்டு அதிகம் தாழாது.

சூட்டில் குழலின் தொடக்கப் பகுதி அரிப்பது உண்மை. அன்றைய எஃகு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பின்னர் வந்த எஃகு மேல். இடைவிடாமல் சுட்டுக் குழலைக் கொதிக்கவிட்டால் எந்த அதிவேக ரகமும் அரிக்கத்தான் செய்யும். ஆறவிட்டுச் சுட்டால் ஆயிரக்கணக்கில் தாங்கும்.

உண்மையான குறை வேறு: சுடும்போது தோட்டாக் கூடு நீளும், காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் மறுநிரப்புவோர் அதை வெட்டிச் சீராக்க வேண்டும். 1965-ல் ரெமிங்டன் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்த 22-250 என்ற தோட்டா ரகம் இதை ஓரங்கட்டியதால் 220 ஸ்விஃப்ட் தோட்டா கிடைப்பதும் அரிது.