வரிசை கலையாமல் அறிவியல்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போவதில் எனக்கு ஒரு மனக்குறை. கூட்டிப்போகிறோம், பார்க்க விடுவதில்லை. கோட்டூர்புரம் பெரியார் மையமோ, கோவை மண்டல அறிவியல் மையமோ, பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகமோ, எங்கே போனாலும் சீருடை வரிசையும் "கையைக் கட்டு, எதையும் தொடாதே" என்ற குரலும்தான். தொட்டுப் பார்ப்பதற்கென்றே செய்து வைத்த பொருள்களுக்கு நடுவில்!

மகளின் மூன்றாம் வகுப்போடு துணைக்குப் போயிருந்தேன். பலகையில் இருப்பதை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் கருவியைப் பார்க்கவே இல்லை. முன்னால் நிற்பவன் முதுகில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஓரிடத்தில் இரட்டைக் கூம்பு இருந்தது. இரண்டு கூம்புகளின் அடிப்பக்கத்தை ஒட்டினாற்போல ஒரு கட்டை. போகப் போக விலகிக்கொண்டே மேடேறும் இரண்டு கம்பிகள். தாழ்ந்த முனையில் விட்டால் கட்டை தானாக மேட்டுப்பக்கம் உருளும். "மிஸ், மேல ஏறுது!" என்று கத்தினான் ஒரு பையன். "சரி சரி, நகரு." ஒரு சிறுமி மட்டும் நகரவில்லை. குனிந்து, கம்பி மட்டத்துக்குக் கண்ணை வைத்து, பக்கவாட்டில் பார்த்தாள். "இல்ல ஆன்ட்டி, கட்டையோட நடு கீழதான் இறங்குது" என்றாள். அதேதான்! கம்பிகள் விலக விலகக் கட்டை இடையில் அமிழ்கிறது, எடை மையம் தாழ்கிறது. பலகையிலும் அதுதான் எழுதியிருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை.

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை காணாமல் போனால் அவர் தலைதான் உருளும். கோளாறு திட்டத்தில். பஸ் வாடகை கொடுத்தாச்சே என்று காலையில் அறிவியல், மதியம் உயிரியல் பூங்கா, சாயந்திரம் கடற்கரை.

1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரடோரியம் என்ற, தொட்டுப் பார்க்கும் அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய பிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பியேதான்) அதற்கு முன் கொலராடோவில் பள்ளி வாத்தியார். மாணவர்களை ஊர்க் குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய், பழைய சாமான்களைக் கிளறவிட்டு இயற்பியல் நடத்தினார். அங்கே யாரும் யாரையும் கையைக் கட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த சுற்றுலா நோட்டீஸ் வந்ததும் பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். பூங்காவையும் கடற்கரையையும் எடுத்துவிடுங்கள். நோட்டுகள் பள்ளியிலேயே இருக்கட்டும். நாலு நாலு பேராகப் பிரித்து, பிடித்த கருவி முன்னால் பிடித்த நேரம் நிற்க விடுங்கள். துணைக்கு நாங்கள் வருகிறோம். "அவ்வளவு காசு கட்டி பாதிதான் பார்த்தாங்களா?" என்று சண்டைக்கு வரும் பெற்றோரும் இருப்பார்கள். வரட்டும், பேசிக்கொள்ளலாம்.