“எத்தனை மாசம் இருப்பீங்க?”

ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு மெர்சி ஷிப்ஸ். அதன் மருத்துவமனைக் கப்பலுக்கு ஊழியம் செய்யப் போகணும் என்று கிளம்புகிற நர்ஸ் தம்பி தங்கைகள் கேட்பதெல்லாம் மூன்றே மூன்று: விசா, ஊசி, காசு. பின்னிரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள். அந்தச் சான்றிதழ் பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. போட்ட கையோடு படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே நின்று புண்ணாக்கிவிடும். ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம் போடணும். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு காய்ச்சல் வந்தால் பக்கத்து கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் தருவார்கள். “ஆப்பிரிக்கா போய் வந்தேன்” என்று நீங்களாகச் சொன்னால்தான் மலேரியா டெஸ்ட் எடுப்பார்கள். காசு விஷயம் தெரிந்ததுதான்: சம்பளம் கிடையாது.

யாரும் கேட்காத கேள்வி, அங்கே யாரோடு வாழப்போகிறோம் என்பது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் சோர்ந்தவர்களைவிட மனுஷர் ஒத்துக்கொள்ளாமல் சோர்ந்தவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

மெர்சி ஷிப்ஸின் கப்பல்களில் ஒன்றான ‘குளோபல் மெர்சி’ 174 மீட்டர் நீளம். ஆறு அறுவை அரங்குகள், அறுநூறு பேருக்கு மேல் தங்க இடம். 2023 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு வந்தது. வெளியிலிருந்து பார்க்கப் பிரம்மாண்டம். உள்ளே உங்களுக்குச் சொந்தம் ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, ஒரு குட்டி அலமாரி. கேபின் சண்டைகள் எதுவும் வேதாகம விளக்கத்தில் வருவதில்லை. ஏசி எத்தனை டிகிரி, அலாரத்தை எத்தனை தடவை ஒத்திப்போடுவது, நைட் டியூட்டி முடித்துப் படுத்திருப்பவர் தலைமாட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரிப்பது. இதில்தான் வரும். மறுநாள் போடுகிற உடுப்பை முந்தைய இரவே வெளியில் எடுத்து வையுங்கள். அலாரத்தை அதிர்வில் போட்டுத் தலையணைக்கடியில் வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை. அம்மா கொடுத்துவிடும் மீன் ஊறுகாய்க்கு இரண்டு ஜிப் கவர், அதற்கு மேல் ஒரு டப்பா. கேபினில் எண்ணெய் கசிந்தால் ஜன்னலைத் திறந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், திறக்கிற ஜன்னலே இருக்காது.

கப்பலில் புதியவரிடம் கேட்கிற முதல் கேள்வி “எத்தனை மாசம் இருப்பீங்க?” அது குசலம் விசாரிப்பு இல்லை, அளந்து பார்ப்பது. மூன்று வாரம் என்றால் சிரிப்பார்கள், காபி வாங்கித் தருவார்கள், மனசைத் திறக்க மாட்டார்கள். வருஷக்கணக்கில் இருப்பவர்கள் மாதாமாதம் யாரையாவது கட்டிப்பிடித்து வழியனுப்பிக் களைத்தவர்கள். இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே ஜெபக்குழு என்று பிடித்துக்கொண்டால் குறுகிய காலத்திலும் ஒட்டும். தினம் ஒரு மேசை என்று சுற்றுபவருக்கு எல்லாரும் தெரிந்தவர்கள், யாரும் நண்பரில்லை.

ஆனால் கப்பலுக்குள் மட்டும் நட்பு வைத்துத் திரும்புவதை நான் பாதி ஊழியம் என்றுதான் சொல்வேன். வார்டில் உங்களோடு நிற்கிற மொழிபெயர்ப்பாளர் அந்த ஊர்க்காரர். அந்த நாட்டு மொழிகளான கிரியோ, மெண்டே, தெம்னே என்று நோயாளிக்கு ஏற்ப நாக்கை மாற்றுவார். அவருக்குக் கூலி உண்டு, நமக்கு இல்லை. இதைவைத்து நம்மவர்கள் சிலர் மனசுக்குள் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர் விடிகாலையில் ‘போடா-போடா’ பிடித்து வந்திருப்பார். மினி பஸ்ஸுக்கு அங்கே அதுதான் பெயர், சத்தியமாக! இன்னொரு வண்டி ‘கேக்கே’, அது நம்ம ஊர் ஆட்டோவேதான்.

கிரியோ கற்க ஒரு வாரம் போதாது, ஆனால் வணக்கம் சொல்ல ஒரு நாள் போதும். “குஷே” என்று தொடங்கி, “அவ் டி பாடி?” என்று உடம்பை விசாரித்து, “டி பாடி ஃபைன்” என்ற பதிலைக் காதில் வாங்கிவிட்டுத்தான் பிபி கருவியைத் தொடணும். நேராக வேலைக்குப் போவது அங்கே மரியாதைக்குறைவு.

சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள், கப்பலின் பாதுகாப்பு விதிக்குள். மரவள்ளி இலையை இடித்து, பனை எண்ணெய், கருவாடு, வேர்க்கடலை விழுது, மிளகாய் சேர்த்த குழம்பு, கீழே சோறு. ‘சோறு சாப்பிடலைன்னா இன்னைக்குச் சாப்பிடவே இல்லை’ என்பது அவர்கள் பேச்சு, நம் பாட்டிகள் பேச்சும் அதுதானே? பல நேரம் ஒரே பாத்திரத்தில்தான் எல்லார் கையும். வலது கை, உங்கள் முன்னால் இருக்கும் பக்கம் மட்டும். எதிர்ப்பக்கத்து மீன் துண்டுக்குக் கை நீளக்கூடாது.

நட்பு முறிவது பணத்தில். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து என்று கேட்பார்கள். கேட்பதில் அங்கே வெட்கமில்லை, மறுப்பதிலும் பகை இல்லை. கடன் என்று கொடுக்காதீர்கள். திருப்ப முடியாதவர் உங்களைப் பார்த்தாலே ஒதுங்கிப்போவார், நட்பும் போச்சு. கொடுப்பதானால் தானம் என்று மனசில் முடிவுசெய்து, சின்னத் தொகையாக, ஒருமுறை. அதைவிட மோசமானது “எங்க ஊருக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்” என்ற வாய்ச்சொல். நீங்கள் மறுநாளே மறப்பீர்கள், அவர் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நிற்பார்.

கட்டியை எடுப்பதற்கு முன்பிருந்த நோயாளியின் முகத்தைப் படமெடுத்து இங்கே ‘ஸ்தோத்திரம்’ என்று போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சொந்த அக்கா முகமென்றால் போடுவீர்களா?

திரும்பிய பிறகு அந்த ஊர் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிடக் குரல் பதிவு நல்லது, அரை நிமிடத்துக்குள், அவர்களுக்கு டேட்டா காசு. அந்த நாட்டில் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை, உங்கள் நண்பரும் முஸ்லிமாக இருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாழ்த்து அனுப்பிவிட்டு ரம்ஜானில் மௌனமாக இருக்காதீர்கள். ஏப்ரல் 27 அவர்களுடைய சுதந்திர தினம், 1961-இல் கிடைத்தது. அன்றைக்கும் ஒரு “குஷே” போடுங்கள்.