வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

பறவைகளுக்கான முதலுதவி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அடிபட்ட பறவையின் வாயைத் திறந்து முதலில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. தயவுசெய்து அதை மட்டும் திருத்திவிடுங்கள். பறவைக்கு மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும்.

எங்கள் வீடு கோத்தகிரி பக்கம். போன டிசம்பரில் குக்குறுவான் என்ற பறவை ஒன்று ஜன்னல் கண்ணாடியில் டப்பென்று மோதி விழுந்தது. கையில் எடுத்தால் அலகைப் பிளந்து மூச்சு வாங்குகிறது, அலகோரத்து மீசைமுடி உள்ளங்கையில் குறுகுறுக்கிறது. அம்மா பாலும் பஞ்சுமாக ஓடிவந்தார். "பால் அதுக்குச் செரிக்காதும்மா" என்று தடுத்து, ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியில் துண்டு விரித்து விட்டேன். இந்த ஊர்க் குளிருக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வைத்தேன், சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ளட்டும் என்று. அப்புறம் இருட்டும் அமைதியும்தான் மருந்து. நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கத் துடித்த பையனைச் சமாளித்ததுதான் பெரும்பாடு! ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே தட்டும் சத்தம். தோட்டத்தில் வைத்துத் திறந்தேன், சில்வர் ஓக் மரத்துக்கு ஒரே பாய்ச்சல்.

இறக்கை தொங்கினால் கதை வேறு. உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வளர்க்கக் கூடாது. பூனை கவ்வியதென்றால் காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அதன் எச்சில் கிருமி அப்படி.