பெண்களுக்கும் டோக்கன் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை முகாமில் நடந்தது நம் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். உலக இதய தினத்துக்கென்று வைத்த முகாம். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஈசிஜி டோக்கன், பெண்களுக்கு ரத்தசோகைப் பரிசோதனை மட்டும். எங்களுக்கும் எடுங்கள் என்றதற்கு, "லேடீஸுக்கு அதெல்லாம் வராதும்மா, கேஸாத்தான் இருக்கும்" என்றார் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வராதா? 2019இல் உலகம் முழுவதும் இறந்த பெண்களில் நூற்றுக்கு 35 பேரைக் கொண்டுபோனது இதய, ரத்தநாள நோய்தான். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தாலும் இத்தனை வராது.

என் அத்தைக்கு முன்பு ஒரு நாள் இரவு தாடை வலித்தது. முதுகில் பாரம், குமட்டல், நைட்டி நனைகிற வியர்வை. அப்போதும் மாவு புளித்துவிடும் என்று எழுந்துபோய் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் கூட்டிப்போன இடத்தில் கேஸுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. அதே இடத்தில் மாமாவுக்கு லேசாக நெஞ்சு கரித்தபோது, உள்ளே நுழைந்ததுமே எடுத்தார்கள். அத்தைக்கு வந்தது அட்டாக் என்று மறுநாள்தான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது, மாடிப்படி ஏற முடியாது.

"ஆண்களுக்குத்தானே அதிகம்?" என்று நம் குடியிருப்புக் குழுவில் கேட்கிறார்கள். சரி, சின்ன வயதில் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகிறது. சர்க்கரை இருந்தால் அதுவும் இல்லை. கர்ப்பகாலத்தில் பிரஷரோ சர்க்கரையோ வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் அபாயம் அதிகம். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இதை எத்தனை பேரிடம் சொல்கிறார்கள்?

"பயமுறுத்தாதீங்க" என்கிறார்கள். பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சில்தான் வலி வரும். ஆனால் மூச்சுத்திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி எல்லாம் ஆண்களைவிட அதிகமாகக் கூடவே வரும். இதைச் சொல்வதா பயமுறுத்தல்?

அறிகுறி இல்லாதவர்களுக்கு முகாமில் எடுக்கும் ஈசிஜியால் பெரிய பயனில்லை என்று ஒரு டாக்டர் தம்பி எழுதியிருந்தார். நியாயம். அப்படியென்றால் ஆண்களுக்கும் அதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பாருங்கள். வலியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் உடனே ஈசிஜி எடுங்கள். அதில் தெரியாவிட்டால் திரும்ப எடுங்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் தாடை வலிக்கிறது என்று போய் நிற்கிற அத்தைக்கு அது இதயம்தான் என்று யாருக்காவது தோன்றினால்தானே அந்த மாத்திரை கைக்கு வரும்?

"பெண்களே வருவதில்லையே" என்பதுதான் எனக்கு வலித்தது. முகாம் அன்று காலை வீட்டில் டிபன் பரிமாறிக்கொண்டிருந்தது யார்? அப்பாவின் மாத்திரை ஒரு நாள்கூடத் தவறாத எங்கள் வீட்டில், மாதக் கடைசியில் அம்மா தன் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வார், அட்டை தீர்ந்துவிடக் கூடாதென்று. யாரும் கேட்டதில்லை. வருவதில்லையாம்! வந்து நின்று கேட்டவளைப் பார்த்துத்தானே சிரித்தீர்கள்?

குழுவில் கேட்டபோது, "முகாம் நடத்துறதே பெரிய விஷயம், குறை சொல்லாதீங்க" என்று பதில் வந்தது. நடத்தியதற்கு மனதார நன்றி. அடுத்த முகாமில் பெண்களுக்கு டோக்கன் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.