அந்த ஒரு ஆப்பிளுக்காகவே படிக்கலாம்

காலப் பயணம், விசேஷ சக்தி கொண்ட பிள்ளைகள் என்று பின்னட்டையில் பார்த்தாலே புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடும் ஆள் நான். ஒருவன் சுவரைத் தூக்குவான், ஒருத்தி பறப்பாள், கடைசியில் கூட்டாக உலகத்தைக் காப்பாற்றுவார்கள். ரான்சம் ரிக்ஸ் 2011இல் வெளியிட்ட 'மிஸ் பெரிக்ரின்ஸ் ஹோம் ஃபார் பெக்யூலியர் சில்ட்ரன்' நாவலையும் அந்தக் கணக்கில்தான் தள்ளிவைத்திருந்தேன். போன வாரம் இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன்.

சக்திகள் பெரும்பாலும் பழகியவைதான் (வயிற்றுக்குள் தேனீக்களை வைத்திருக்கும் பையன் மட்டும் புதுசு). என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தப் பிள்ளைகள் வாழும் நாள். வேல்ஸ் பக்கத்தில் ஒரு தீவு, 1940 செப்டம்பர் 3. அன்று ராத்திரி அவர்கள் வீட்டின் மேல் ஜெர்மன் குண்டு விழ வேண்டும். விழும் தருவாயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் பெரிக்ரின் அந்த நாளைத் திருப்பிவிடுகிறார். மறுபடி அதே நாள். பிள்ளைகள் வெளியே வந்து நின்று, விழப்போகும் குண்டைத் தினமும் வேடிக்கை பார்க்கிறார்கள். சாவு அவர்களுக்கு வாணவேடிக்கை மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் அந்த ஆப்பிள். நம் காலத்திலிருந்து அந்த நாளுக்குள் போய்வரும் கதாநாயகன் ஜேக்கப், அங்கிருந்து கொண்டுவந்த பழத்தைத் தன் படுக்கையருகே வைத்துவிட்டுத் தூங்குகிறான். விடிந்து பார்த்தால் வதங்கிச் சுருங்கி, தொட்டால் உதிர்கிறது. வெளியே வந்து அதிக நேரம் தங்கினால் அந்தப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான் என்பது பிறகு தெரியும்போது வயிற்றைப் பிசைந்தது. சக்தியை அள்ளிக் கொடுக்கிற எழுத்தாளர்கள் பலர் அதற்கு ஒரு விலை வைக்க மறந்துவிடுகிறார்கள். இவர் மறக்கவில்லை.

குறையே இல்லையா? உண்டு. ஜேக்கப்பின் தாத்தாவும் ஒரு காலத்தில் அந்த வீட்டுப் பிள்ளைதான்; அவரைக் காதலித்த எம்மா, கையில் நெருப்பை வரவழைக்கும் பெண், பேரனையும் காதலிப்பது எனக்கு ஒட்டவே இல்லை. முகம்தான் சின்னப் பெண். வயது எண்பதைத் தாண்டியாயிற்று! பழைய புகைப்படங்களைத் தேடிச் சேர்த்து, அவற்றைச் சுற்றிக் கதை பின்னியது அருமையான யோசனை. ஆனால் சில இடங்களில் படத்தைக் காட்டுவதற்காகவே கதை சுற்றிக்கொண்டு போகிறது. 2016இல் வந்த சினிமாவில் எம்மாவின் நெருப்பைப் பிடுங்கி, நாவலில் காற்றில் மிதக்கும் ஆலிவுக்குக் கொடுத்துவிட்டு, எம்மாவை மிதக்க விட்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, எனக்குப் பிடித்த பாத்திரம் தாத்தாதான். அந்த நாளுக்குள்ளேயே வயதாகாமல், சாகாமல் இருந்திருக்கலாம். போரில் சண்டை போடக் கிளம்பினார், அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. தலை நரைத்தார், பேரனுக்குக் கதை சொன்னார், அதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.