விழவைத்தது ஜல்லி, திட்டு வாங்குவது நான்

சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பு, அதாவது கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் எலும்பு, முறிந்து இன்றோடு 16 நாள். இந்த 16 நாளில் வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள், போனில் விசாரித்தவர்கள் எல்லோரும் எடுத்ததும் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்வளவு வேகத்துல போனே?" நாற்பத்தைந்து என்றதும் முகம் மாறிவிடும். "அதானே பார்த்தேன். மெதுவா போயிருந்தா விழுந்திருப்பியா?" அதோடு விசாரணை முடிந்தது. எதில் வழுக்கியது, அது ஏன் அங்கே கிடந்தது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீளமான இறக்கம், முடிவில் அகலமான ஒரு வளைவு. நூறு தடவைக்கு மேல் அதே வேகத்தில் எடுத்த வளைவு. சாலையில் குழி விழுந்திருந்தது, யாரோ வந்து அடைத்திருக்கிறார்கள், சரி. அடைத்த பிறகு மிச்ச ஜல்லியை அள்ளவில்லை. வண்டிகள் ஏறி ஏறி அந்தப் பொடிக்கல் எல்லாம் வளைவு முழுக்கப் பரவிவிட்டது. காரில் போகிறவருக்கு அடியில் கொஞ்சம் சடசடக்கும், அவ்வளவுதான். இரண்டு விரல் அகல டயரில் சாய்ந்து வருகிறவனுக்கு அது உயிர் போகிற விஷயம்.

மணிக்கு 45 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு பன்னிரண்டரை மீட்டர். கல் கண்ணில் பட்டு, அது கல்தான் என்று மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் பத்து மீட்டர் கடந்திருக்கும். சரி, பிரேக்கைத் தொட்டு என்ன செய்வது? சாய்ந்திருக்கும் சைக்கிளில் டயரின் பிடிமானம் முழுக்க வளைவதற்கே செலவாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் இன்னும் சீக்கிரம் விழுவோம். பின் சக்கரம் வழுக்கினாலாவது சில சமயம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் நமக்குத் தெரிவதற்குள் தரையில் கிடப்போம்.

நான் விழுந்த கணம் எனக்கு ஞாபகமே இல்லை. சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி ஹெல்மெட் தாரில் உரசிக்கொண்டே போனது. அது நின்றதும் பின் சக்கரம் மட்டும் டக்டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. இடது தோளை அசைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ நறுக்கென்று நகர்ந்தது.

அப்போது ஓடி வந்தார்கள் இரண்டு பேர். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் வந்த வேகத்தில் அந்த இடது கையையே பிடித்துத் தூக்கினார்கள்! நான் கத்திய கத்தல் எனக்கே இன்னும் கேட்கிறது. தயவுசெய்து, விழுந்து கிடக்கிறவரை எழுப்பி நிறுத்த அவசரப்படாதீர்கள். தலையிலும் கழுத்திலும் அடிபட்டிருக்கலாம். வருகிற வண்டிகளை நிறுத்துங்கள், பேச்சுக் கொடுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எழ முடிந்தால் அவரே எழுவார்.

அப்புறம் இன்னொரு வசனம். "ஹெல்மெட் போட்டிருந்தியே, அப்புறம் என்ன?" ஹெல்மெட் எதற்குச் செய்யப்பட்டது என்று யாருக்காவது தெரியுமா? இஎன் 1078 என்கிற ஐரோப்பியத் தரச் சோதனையில் அதைத் தட்டையான இரும்பில் மோதவிடும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. தலை அது நிற்கும் உயரத்திலிருந்து தரையில் மோதும்போது காப்பாற்றத்தான் அது. காப்பாற்றியது, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தோளுக்கும் இடுப்புக்கும் அது என்ன செய்யும்? அந்த ஹெல்மெட்டைக் குப்பையில் போட்டபோது "லேசான கீறல்தானே, எதுக்குத் தூக்கிப் போடற" என்று எனக்கே உபதேசம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கினதுதான், பழையபடி ஆகாது. அடுத்த அடியை அது தாங்காது.

வேகத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு, அது எனக்கும் தெரியும். எவ்வளவு அடி என்பதை வேகம் முடிவு செய்யும். ஆனால் விழவைத்தது ஜல்லி. இருபதில் வந்திருந்தாலும் முன் சக்கரம் அந்தக் கல்லில் வழுக்கியிருக்கலாம்.

"ஓட்டத் தெரியலை" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிறிஸ் ஃப்ரூம், டூர் டி பிரான்ஸ் என்கிற பெரிய சைக்கிள் பந்தயத்தை நான்கு முறை வென்றவர். 2019-இல் பந்தயப் பாதையைப் பார்த்துவரப் போனபோது, மூக்கைச் சிந்த ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்த நேரத்தில் காற்று அடித்துச் சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எல்லாம் முறிந்தன. 1995-இல் டூர் டி பிரான்ஸில் ஃபாபியோ கசார்ட்டெல்லி ஒரு மலை இறக்கத்தில் விழுந்து இறந்தே போனார். முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அவர்களுக்கும் ஓட்டத் தெரியாதா?

என் கூட ஓட்டுகிற ஒருத்தருக்கு இறக்கத்தில் திடீரென்று முன்பக்கம் கிடுகிடுவென ஆட ஆரம்பித்தது. முழங்கால்களால் ஃபிரேமை இறுக்கிப் பிடித்தால் அந்த ஆட்டம் அடங்கும் என்பது அவருக்கு அன்றைக்குத் தெரியாது. பல் இரண்டு போனது. அவரிடமும் இதே கேள்விதான் கேட்டார்கள். எவ்வளவு வேகம்?

இரவுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. முதல் நாள் நர்ஸ் அதற்குள் இருந்த கரும்பொடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்போதும் தூக்கத்தில் புரண்டால் போர்வை காயத்தில் ஒட்டிக்கொள்கிறது. காலையில் வெந்நீரால் நனைத்து நனைத்து எடுக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் போன் வரும். "இனிமேலாவது மெதுவா போ."

நேற்று கையைத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த வளைவுக்கு நடந்தே போனேன். ஜல்லி அப்படியே கிடக்கிறது. என் சைக்கிள் கிழித்த வெள்ளைக் கோடும் தாரில் இருக்கிறது. செருப்பால் முடிந்தவரை ஓரம் தள்ளினேன். பாதிகூட முடியவில்லை, தோள் விண்ணென்று தெறித்தது. அதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பையன் இறக்கத்தில் வேகமாக வந்தான். "ஜல்லி! ஜல்லி!" என்று கத்தினேன். காலைத் தரையில் தேய்த்து எப்படியோ தப்பித்துப் போய்விட்டான். நாளைக்குத் துடைப்பத்தோடு போகப்போகிறேன்.